சக்கரத்தில் வந்த குடிப்பெயர்

வீரமாமுனிவர் என்று தமிழ் மக்கள் போற்றும் பெரியாரை அவர் பிறந்த நாட்டார் கான்ஸ்டான்சோ பெஸ்கி என்று வழங்குவர். அவர் 1680-ஆம் ஆண்டில் வட இத்தாலியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரிற் பிறந்தார். கான்ஸ்டான்சோ என்பது பெற்றோர் இட்ட பெயர். பெஸ்கி என்பது குடிப்பெயர். அவருக்கு முன்னரே, 1606-ஆம் ஆண்டில் மதுரை மாநகர் போந்து தத்துவபோதகர் என்னும் பெயர் பூண்டவர் இராபர்ட்டு தெ நொபிலி. நொபிலி என்பதும் குடிப்பெயரே. உயர்குடியினர் என்பது அச்சொல்லின் பொருள். இத்தாலிய மொழியில் ஆண்பாற் பெயர்களிற் பெரும்பாலானவை பன்மையில் இகர ஈறு பெறும். இன்னார் மரபினர் என்னும் கருத்தில் வழங்கிய பெயர்களாதலின், அந்நாட்டுக் குடிப்பெயர்கள் பலவும் இகரத்தில் முடிகின்றன.

துறவியர் இருவரும் தம் குடிப்பெயரை ஒதுக்கிவிட்டு இந்நாட்டுப் பெயர் பூண்டனர். ஒதுக்குவதற்கு அவர்களிடம் ஒரு குடிப்பெயர் இருந்தது. அதே இத்தாலியில், அதே நூற்றாண்டுகளில், குடிப்பெயர் என ஒன்று இல்லாமலே உலகிற்கு வந்த பிள்ளைகள் பல்லாயிரவர். அவர்களுக்கு யார் பெயர் இட்டார்கள், எவ்வாறு இட்டார்கள், அப்பெயர்களுள் ஒன்று நாடெங்கும் பரவ, ஏனையவை ஓரிரு குடும்பங்களின் அளவில் நின்றுவிட்டது எவ்வாறு என்பதே இன்று நாம் காண இருக்கும் செய்தி.

முதலில், குடிப்பெயர் என்னும் வழக்கம் அந்நாட்டில் தோன்றிய வகையைச் சுருங்கக் காண்போம். பண்டை உரோமர் இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்து வழங்கினர். பேரரசு சிதைந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. ஒருவர்க்கு ஒரு பெயரே போதியதாயிற்று. பின்னர் நகரங்கள் பெருகின, வாணிகம் பெருகிற்று, நிலமும் கடனும் கைமாறும்போதெல்லாம் பத்திரம் எழுதும் வழக்கம் வேரூன்றிற்று. ஒரே தெருவில் பத்து ஜொவான்னிகள் இருந்தால் எந்த ஜொவான்னி கடன் வாங்கியவன் என்பது தெரிய வேண்டுமன்றோ? ஆகவே தந்தையின் பெயரையோ, தொழிலையோ, ஊரையோ, உடற்குறியையோ உடன் சேர்த்து எழுதினர். செம்பட்டை மயிரினன் ரோஸ்ஸி ஆனான். கொல்லன் ஃபெர்ராரி ஆனான். வெனிஸ் நகரத்து உயர்குடியினரிடையே இவ்வழக்கம் ஏனைய இடங்களினும் முந்தி வேரூன்றியது. ஆயினும் எளிய மக்களிடம் அது சென்று சேர நெடுங்காலம் ஆயிற்று. 1427-ஆம் ஆண்டில் பிளாரென்ஸ் நகர ஆட்சியினர் வரி விதிப்பதற்காக வீடுதோறும் கணக்கு எடுத்தனர். அக்கணக்கிற் குடிப்பெயரோடு காணப்படுவோர் மூன்றில் ஒரு பங்கினர்க்குச் சற்று மேற்பட்டவரே. அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து, 1452-இற் பிறந்த ஓவியர் லியோனார்தோவை 'வின்சி ஊரார்' என்றே உலகம் இன்றும் அழைக்கின்றது.

1545 முதல் 1563 வரை திரெந்து நகரிற் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் ஏட்டில் எழுதி வைக்குமாறு குருமார்க்குக் கட்டளையிட்டது. நெருங்கிய உறவினர் மணம் புரிந்துகொள்ளாமற் காப்பதற்கு இப்பதிவேடு வேண்டும் என்பது ஒரு காரணம். ஏடு வந்தபின் பெயர் நிலைத்தது. தந்தையின் குடிப்பெயர் மகனுக்கும், மகனுடையது பேரனுக்கும் தப்பாமல் இறங்கிற்று. இன்று இத்தாலியில் வழங்கும் குடிப்பெயர்கள் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டவை என்று பெயராய்வோர் கணக்கிடுகின்றனர். 

அத்தனை இலட்சம் பெயர்களுள், மிகுதியான மக்கள் தாங்கி நிற்கும் முதல் ஐந்து பெயர்களில் ஒன்றாகக் கணக்கிடப்படுவது எஸ்போசிட்டோ என்பது. நேப்பிள்ஸ் நகரத்திலோ அதுவே எங்கும் கேட்கும் பெயர். தொழிலைக் குறித்ததன்று, ஊரைக் குறித்ததன்று, தலைமயிரின் நிறத்தைக் குறித்ததுமன்று. இலத்தீன் மொழியில் 'எக்ஸ்போசித்துஸ்' என்றால் 'வெளியே வைக்கப்பட்டவன்' என்பது பொருள். தாயால் வீட்டிற்கு வெளியே வைக்கப்பட்ட குழவி என்பதே அப்பெயரின் உட்பொருள்.

நேப்பிள்ஸ் நகரில் அன்னுன்சியாத்தா என்னும் பெரிய அறச்சாலை ஒன்று உண்டு. 14-ஆம் நூற்றாண்டில் தோன்றியது அது. கோயிலும் மருத்துவமனையும் அநாதைக் குழவியர் இல்லமும் சேர்ந்த அமைப்பு. அதன் தெருப்பக்கச் சுவரில் ஒரு சிறு சாளரம். சாளரத்தினுள்ளே மரத்தாலாகிய ஓர் உருளை. நம் ஊர்த் தவிற்பறையை நிமிர்த்தி வைத்து, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்தாற்போல் அது இருக்கும். இத்தாலியர் அதனைச் சக்கரம் என்றே வழங்கினர். நள்ளிரவில் வருபவள் குழவியை அதன் திறந்த வாயில் வைப்பாள், உருளையைத் திருப்புவாள், மணியை அடிப்பாள், இருளில் மறைவாள். உள்ளே விழித்திருக்கும் காவற்பெண் குழவியை எடுப்பாள். வைத்தவள் முகத்தை எடுத்தவள் காணாள்; எடுத்தவள் முகத்தை வைத்தவளும் காணாள். இருவரும் ஒருவரையொருவர் காணாதிருத்தற்கென்றே அமைந்த பொறி அது.

எடுத்த குழவியைக் குளிப்பாட்டி, ஞானஸ்நானம் செய்வித்து, ஏட்டில் எழுதினர். வந்த நாள், வந்த நாழிகை, ஏறத்தாழ வயது, உடுத்திருந்த துணி, உடலில் உள்ள மச்சம், உடன் கிடந்த பொருள் ஆகிய யாவற்றையும் குறித்தனர். கழுத்தில் ஈய முத்திரை ஒன்றைக் கட்டினர். அதுவே அன்னுன்சியாத்தாவின் பிள்ளை என்பதற்கு அடையாளம். பெயர் என்னும் இடத்தில் ஒரு புனிதரின் பெயர். குடிப்பெயர் என்னும் இடத்தில் எழுத என்ன இருந்தது? 'எஸ்போசிட்டோ' என்று எழுதினர். அது முதலிற் பெயரன்று, ஒரு குறிப்பு. 'கண்டெடுத்தது' என்று பொருள்களின் பட்டியலில் எழுதுவது போன்ற குறிப்பு. அக்குறிப்பே பிள்ளையோடு வளர்ந்து, அவன் மணம் புரிந்தபோது குடிப்பெயராகி, அவன் மக்கட்கும் இறங்கிற்று.

இவ்வாறு குறிப்பே பெயரானது நேப்பிள்ஸ் நகரில் மட்டுமன்று. நகரந்தோறும் ஒரு சொல் வழங்கிற்று. உரோமையில் புரோயெத்தி என்றனர். 'எறியப்பட்டோர்' என்பது அதன் மூலப்பொருள். இவை எல்லாவற்றினும் கொடியதாக எனக்குத் தோன்றுவது அப்பெயரே. சியன்னா நகரில் சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்னும் மருத்துவமனை பிள்ளைகளை ஏற்றது. அவர்கள் தெல்லா ஸ்காலா எனப்பட்டனர். பொலோஞா நகரில் தெலி எஸ்போஸ்தி. சிசிலித் தீவில் திரோவாத்தோ, அஃதாவது 'கண்டெடுக்கப்பட்டவன்'. மிலான் நகரத்துப் பெரு மருத்துவமனையின் சின்னம் புறா. இத்தாலிய மொழியிற் புறா 'கொலொம்போ'. ஆகவே அங்கே கைவிடப்பட்ட பிள்ளைகளெல்லாம் கொலொம்போ ஆயினர். அமெரிக்கா சென்ற கொலம்பசின் குடிப்பெயரும் இதுவேயாதலின், அவரும் இவ்வழி வந்தவரோ என்று சிலர் மயங்குவர். அவ்வாறன்று. அவர் ஜெனோவா நகரத்து நெசவாளர் ஒருவரின் மகன். புறா என்பது அந்நாட்டில் மக்கட்பெயராகவும் பண்டு தொட்டு வழங்கியது. ஒரே பெயர்க்கு இரண்டு மூன்று ஊற்று உண்டு என்பதைப் பெயராய்வோர் மறத்தலாகாது.

பிளாரென்ஸ் நகரின் செய்தி சற்று விரித்துரைக்கத் தக்கது. அங்கே பட்டு வணிகர் சங்கத்தார் தம் செலவில் ஒரு குழவியர் இல்லம் எழுப்பினர். புருனெல்லெஸ்கி என்னும் பெருஞ் சிற்பி 1419-ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். கைவிடப்பட்ட குழவிகட்கென்றே கட்டிய அம்மாளிகை, மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையின் முதல் எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாக இன்றும் போற்றப்படுகின்றது. முகப்பு வளைவுகளின் இடையே நீல நிறச் சுடுமண் வட்டங்கள். ஒவ்வொன்றிலும் துணிச் சுற்றிய ஒரு வெண்குழவி. அவை அந்திரேயா தெல்லா ரோபியாவின் கைவண்ணம். 1445-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5-ஆம் நாள் முதற் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அந்நாள் புனித ஆகத்தாவின் திருநாள். ஆகத்தா ஸ்மெரால்தா என்று பெயரிட்டனர். ஸ்மெரால்தா என்றால் மரகதம். எவரும் வேண்டாத பிள்ளைக்கு மரகதம் என்று பெயரிட்ட எழுத்தர் யாராயினும் அவர் நல்லுள்ளம் படைத்தவர் என்றே கூற வேண்டும். இல்லத்தின் பெயர் 'மாசற்றோர் மருத்துவமனை'. ஆகவே பிற்காலத்தில் இன்னொசெந்தி, நொசெந்தினி, தெல்-இன்னொசெந்தி என்னும் குடிப்பெயர்கள் அதிலிருந்து கிளைத்தன. பிள்ளை மாசற்றது என்று ஊரார்க்கு அறிவிக்கும் பெயர் அது.

குழவிகளோடு தாய்மார் வைத்துச் சென்ற பொருள்கள் சில அவ்வில்லத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டாக வெட்டிய நாணயம், பாதியாக உடைத்த பதக்கம், ஒரு மணி, ஒரு துணித்துண்டு. மற்றைப் பாதி தாயிடம் இருக்கும். என்றேனும் ஒருநாள் வந்து, பாதியைப் பாதியோடு பொருத்திக் காட்டிப் பிள்ளையை மீட்கலாம் என்னும் நம்பிக்கையின் சான்று அது. கட்டடத்திலுள்ள பொருட்காட்சிச்சாலை 2016-ஆம் ஆண்டிற் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. அங்கே சிறு சிறு இழுப்பறைகளில் அப்பாதிகளைக் காணலாம்.

பாதி நாணயத்தை வைத்தவர் எல்லாரும் மணமாகாத மகளிர் என்று எண்ணுதல் தவறு. மிலான் நகரத்தின் ஏடுகளை ஆராய்ந்தோர், 19-ஆம் நூற்றாண்டில் அங்கே வந்த பிள்ளைகளுட் பெருந்தொகையினர் முறையாக மணந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் என்று கண்டனர். தாய் ஆலையில் வேலை செய்ய வேண்டும், பாலூட்டப் பொழுதில்லை, செவிலிக்குக் கொடுக்கப் பொருளில்லை. சக்கரத்திலிட்டால் இல்லத்தார் நாட்டுப்புறச் செவிலியிடம் விடுவர். சில ஆண்டு கழித்து மீட்டுக்கொள்ளலாம். மீட்கப்பட்டோரும் உண்டு. ஆனால் பெருந்தொகையினர் ஓராண்டு நிறையும் முன்னரே இறந்தனர். எஸ்போசிட்டோ என்னும் பெயர் இன்று இத்துணைப் பரவி நிற்கக் காணும்போது, அப்பெயரை எழுதிய சில நாளிலேயே மண்ணுட் சென்றவர்கள் எத்துணையர் என்னும் எண்ணம் எழாமற் போகாது.

பிழைத்தவர்க்கும் பெயர் ஒரு சுமை. மணப்பேச்சு நடக்கும்போது, பட்டறையில் வேலைக்குச் சேரும்போது, படையிற் பெயர் கூப்பிடும்போது, அச்சொல்லே பிறப்பைப் பறைசாற்றிற்று. கொடுத்த கையிலேயே சூடும் இட்டாற்போன்ற அறம் அது. இதனை ஆட்சியாளரும் உணர்ந்தனர். 1808 முதல் 1815 வரை நேப்பிள்ஸ் அரசராயிருந்தவர் நெப்போலியனின் தங்கை கணவராகிய ஜோவாக்கிம் முரா. அவர் ஆட்சியில், கைவிடப்பட்ட பிள்ளைகட்கு எஸ்போசிட்டோ என்னும் பெயரை இடுதல் தடுக்கப்பட்டது. மிலான் நகரிலும் 1820-களில் கொலொம்போ என்னும் பொதுப்பெயரைக் கைவிட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வெவ்வேறு பெயர் இடத் தொடங்கினர்.

இங்கேதான் அரிய பெயர்களின் கதை பிறக்கின்றது. ஆண்டுதோறும் வந்து குவியும் பிள்ளைகட்கெல்லாம் ஒன்றோடொன்று ஒவ்வாத புதுப்பெயர் வேண்டும். எழுதுகோலைக் கையிற் பிடித்த எழுத்தர் என் செய்வார்? குழவி கிடந்த தெருவின் பெயர், வந்த மாதத்தின் பெயர், அன்று நிலவிய பனி, அன்றைய புனிதர், மலர், மரம், பறவை, ஊர் என்று கண்டதையெல்லாம் பெயராக்கினார். சில ஊர்களில் ஓராண்டில் வந்த பிள்ளைகள் அனைவர்க்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயரும், மறு ஆண்டில் அடுத்த எழுத்திலும் இட்டனர். எழுத்துத் தீர்ந்தால், இல்லாத சொல்லைப் புனைந்தனர். அகராதியில் தேடினால் பொருள் கிடைக்காத குடிப்பெயர்கள் சில இவ்வாறு ஓர் எழுத்தரின் மேசையிற் பிறந்தவை. அவற்றுக்கு மூலமொழி தேடிக் கிரேக்கத்திற்கும் ஜெர்மானியத்திற்கும் அலைவது வீண்.

இனி, அரிய பெயர் ஏன் அரிதாகவே நிற்கின்றது என்பதையும் காண வேண்டும். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் இவ்வினாவை எழுப்பினார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்னும் கணித வல்ல குருவோடு சேர்ந்து 1874-ஆம் ஆண்டில் விடையும் எழுதினார். குடிப்பெயர் ஆண்மக்கள் வழியே இறங்குவது. ஒருவர்க்கு ஆண்மகவு இல்லையேல், பெண்மக்கள் எத்துணையர் இருந்தாலும் அவர் பெயர் அவரோடு நின்றுவிடும். நூறு ஆண்கள் தாங்கும் பெயர் இத்தகைய இழப்புகளைத் தாங்கும். ஒருவரே தாங்கும் பெயர் ஒரு தலைமுறையில் அற்றுப்போகும். எல்லாக் குடிப்பெயர்களும் இறுதியில் மறைந்தே தீரும் என்று அவ்விருவரும் கருதியது பிழை என்பதைப் பின்வந்த கணித அறிஞர் காட்டினர். ஆயினும் அருகிய பெயர் எளிதில் மறையும் என்னும் அடிப்படை உண்மை நிற்கின்றது. எழுத்தர் புனைந்த பெயர் ஒவ்வொன்றும் ஒரே ஒரு குழவியை நம்பிப் பிறந்தது. அக்குழவி இறந்தால் பெயரும் இறந்தது. பெண்ணாயின், அவள் மக்கள் தந்தையின் பெயரைப் பெற்றனர். அவள் பெயர் ஏட்டளவில் நின்றது. அங்ஙனமாயின், கைவிடப்பட்ட பிள்ளைகளின் வழிவந்தோர் அப்பெயர்களைத் தாங்குவோரினும் மிகப் பலர் என்பது தெளிவு. ரோஸ்ஸி என்றும் ஃபெர்ராரி என்றும் பெயர் கொண்டு, தம் பாட்டியின் பாட்டி சக்கரத்தில் வந்தவள் என்பதை அறியாது வாழ்வோர் எத்துணையரோ!

இதில் ஒரு வியப்பும் உண்டு. எஸ்போசிட்டோ என்னும் இருவர் சந்தித்தால் பெயர் ஒற்றுமை கண்டு உறவு கொண்டாட வழியில்லை. ஒரே சாளரத்தின் வழியே, வெவ்வேறு இரவுகளில், வெவ்வேறு தாயரால் விடப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். மாறாக, எழுத்தர் ஒருவர் கற்பனையாற் புனைந்த அரிய பெயரைத் தாங்கும் இருவர், நாட்டின் இரு கோடிகளில் வாழ்ந்தாலும், ஒரு முன்னோரின் மக்களாயிருத்தல் பெரிதும் கூடும். உண்மைச் செய்தியைக் கூறும் பெயர் உறவை மறைக்கின்றது. பொய்யாய்ப் புனைந்த பெயர் உறவைக் காட்டிக்கொடுக்கின்றது. உயிர்நூல் அறிஞர் காவல்லி ஸ்ஃபோர்சா, பார்மா ஆற்றின் மேற்பள்ளத்தாக்கு ஊர்களிற் பங்கு ஏடுகளைப் புரட்டி, குடிப்பெயர்களைக் கொண்டே மக்களின் இரத்த உறவை அளந்தார். அவர்க்குத் துணைநின்றவர் மொரோனி என்னும் குருவானவர். அத்தகைய ஆராய்ச்சிக்கு அரிய பெயரே கைவிளக்கு. பரவிய பெயர் பயன்படுவதில்லை.

அரிய பெயரெல்லாம் சக்கரத்தில் வந்தவை என்று கொள்ளுதலும் கூடாது. மலைநடுவே ஒதுங்கிய சிற்றூரிற் பிறந்து அவ்வூரைவிட்டு அகலாத பெயர்கள் உண்டு. கடல் கடந்து வந்தோர் கொணர்ந்த பெயர்கள் உண்டு. கை நடுங்கிய குருவானவர் ஓர் எழுத்தைப் பிழைபட எழுத, அப்பிழையே குடும்பத்தின் பெயராய் நிலைத்ததும் உண்டு. எஸ்போசிட்டோ என்பதிலிருந்தே ஸ்போசிட்டோ, தெஸ்போசிட்டோ முதலிய திரிபுகள் தோன்றின. முதலெழுத்தை நீக்கினால் பிறப்பின் குறி மறையும் என்று சிலர் எண்ணியிருத்தலும் இயல்பே. தம் குடிப்பெயர் அரிது என்று கண்டவர், பழம் பிரபுக்களின் வழியில் வந்தோம் என்று கேடயச் சின்னம் எழுதித் தருவோரிடம் பொருள் இழப்பதைக் காட்டிலும், ஊர்க் கோயிலின் ஏட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. முன்னோர் பெயரின் அருகே தந்தை பெயர் எழுத வேண்டிய இடம் வெறுமையாயிருப்பின் விடை கிடைத்துவிடும்.

சக்கரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் 1867-இல் ஃபெர்ராரா நகரில் மூடினர்; மறு ஆண்டு மிலானில்; 1875-இல் பிளாரென்சிலும் நேப்பிள்சிலும். எஞ்சியவற்றை 1923-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை முடிவு செய்தது. 1939-ஆம் ஆண்டுச் சட்டம், பெற்றோர் அறியப்படாத பிள்ளைக்குப் பிறப்பைப் புலப்படுத்தும் பெயரை இடலாகாது என்று விதித்தது. வரலாற்றுப் புகழ் பெற்ற குடிகளின் பெயரையும் இடலாகாது. அவ்வூரில் நன்கறியப்பட்ட குடும்பத்தின் பெயரையும் இடலாகாது. எனினும் அடையாளச் சீட்டுகளில் தந்தை பெயர் எழுதும் இடத்தில் 'பெயர் அறியேன்' என்னும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துகள் இரண்டு தொடர்ந்து வந்தன. 1955-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விரண்டெழுத்தை நீக்கிற்று. 2022-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், தந்தையின் குடிப்பெயர் மட்டுமே பிள்ளைக்குத் தானே இறங்கும் என்னும் பழைய முறையைத் தள்ளி, பெற்றோர் இருவர் பெயரும் இறங்க வழி செய்தது.

இன்றும் இத்தாலியில் ஒரு தாய் மருத்துவமனையிற் பிள்ளை பெற்றுத் தன் பெயரைக் கூறாமற் செல்லச் சட்டம் இடந்தருகின்றது. அப்போது ஊர்ப் பதிவாளர் பழைய எழுத்தரைப் போலவே எழுதுகோலை எடுத்து, ஒரு பெயரும் ஒரு குடிப்பெயரும் தேர்ந்து எழுத வேண்டும். ஆனால் 1983-ஆம் ஆண்டு மகவேற்புச் சட்டப்படி, பிள்ளையை ஏற்கும் குடும்பத்தின் பெயரே பின்னர் அதன் குடிப்பெயர் ஆகின்றது. மகவேற்பு முடியும் வரையில், சில திங்களோ ஓராண்டோ, பதிவாளர் இட்ட பெயர் அக்குழவியோடு வாழ்ந்து, பிறகு எவர்க்கும் இறங்காமல் ஏட்டிலேயே தங்கிவிடுகின்றது.